மக்களவைத் தேர்தலில் ‘டெபாசிட் போச்சு’ என்கிறார்களே, அது என்ன?

மக்களவைத் தேர்தலில் நிற்பவர் வேட்புமனுவோடு 25,000 ரூபாய் காப்புத்தொகை கட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 12,500. பதிவான செல்லுபடியாகும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடும். உதாரணமாக, 12 லட்சம் ஓட்டு விழுந்த தொகுதியில் 2 லட்சத்தைத் தாண்ட வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் வராது.

பாத்திர வாடகைக் கடையில் முன்பணம் வாங்கி வைப்பார்களே, அது மாதிரிதான். கடைக்காரருக்கு அந்தப் பணம் குறியில்லை. பொறுப்பில்லாமல் எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தத் தொகை அற்பமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 1996 காட்டியது. அப்போது பொதுப் பிரிவினருக்கு வெறும் 500 ரூபாய். தங்கள் பிரச்சினையைக் கவனிக்க வைக்க, நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் களத்தில் நின்றார்கள். நம்மூர் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மக்களவைக்கான தொகை 10,000 ஆனது. பிற்பாடுதான் 25,000. உண்மையான ஏழை வேட்பாளருக்கு இது பாரம்தான் என்பது என் கருத்து.

அப்புறம், டெபாசிட் இழந்தவர் அடுத்த முறை நிற்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை, புதிதாகப் பணம் கட்டினால் போதும்.