நீதிமொழிகளில் ஞானம் வருவது கண்ணாலா, காதாலா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். "எறும்பினிடத்தில் போய்ப் பார்" என்கிற நீதிமொழிகளே "என் மகனே, கேள்" என்றும் சொல்கிறது. எதை முதலில் பழக்குவது?

பதில்: கேட்பதைத்தான். எறும்பை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் அதே புத்தகத்தில் 24:30-34-ஐ எடுங்கள். சோம்பேறியின் வயலைக் கடந்துபோகிறவர் முள்ளையும் காஞ்சொறியையும் இடிந்த கற்சுவரையும் பார்க்கிறார். பிறகு சிந்தனைபண்ணுகிறார், அதன்பின் புத்தியடைகிறார். கடைசியில் அவர் சொல்லும் "இன்னுங்கொஞ்சம் தூங்கட்டும்" என்பது புதுச்சொல் அல்ல. ஏறக்குறைய அப்படியே 6:10-11-ல் வருகிறது. காதில் முன்பே விழுந்திருந்த சொல்லுக்கு வயல் பொருள் கொடுத்தது, அவ்வளவுதான். 24:32-ல் 'புத்தி' என்று வருவதும் 3:11-ல் 'சிட்சை' என்று வருவதும் எபிரெயத்தில் ஒரே சொல், மூசார்: கண்டித்துத் திருத்துவது. தேயிலைக்காரர்களுக்கு, செடியை வெட்டிச் சீராக்கும் கவாத்தைப் போல என்றால் சட்டென்று விளங்கும்.

வகுப்புக்கு நாற்பது நிமிடம் போதும். முதலில் அந்த எறும்புப் பகுதியை, 6:6-11-ஐ, இரண்டுமுறை சத்தமாக வாசிக்கவையுங்கள். பிறகு பறிக்காமல் மரமாக வளர்ந்துவிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகப் பேசாமல் நடத்திக் கூட்டிப்போங்கள். கண்ணில் பட்ட ஐந்தை மட்டும் எழுதட்டும். 'உண்ணிச்செடி இடுப்பளவு' என்று எழுதலாம், 'கவனிப்பில்லை' என்று எழுதக்கூடாது. அது தீர்ப்பு. திரும்பி வந்து 24-ம் அதிகாரத்தைத் திறங்கள்.

சறுக்குவது இங்கேதான். தோட்டத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் சொந்தக்காரரைச் சோம்பேறி என்பார்கள். பச்சைத்தேயிலை விலை கட்டுபடியாகாமல் விட்டிருக்கலாம், பறிக்க ஆள் கிடைக்காதிருக்கலாம், சுவரைக் காட்டுமாடு தள்ளியிருக்கலாம், ஐப்பசி மழையில் மண் சரிந்திருக்கலாம். வசனத்தில் வயலைப் பார்த்து ஆளை முடிவுகட்டவில்லை. 'சோம்பேறியின் வயல்' என்றுதான் தொடங்குகிறது, ஆளை முன்பே தெரியும். பாடத்தையும் அவர் தனக்குத்தான் எடுத்துக்கொள்கிறார். கையோடு 13:23-ஐயும் வாசியுங்கள்: ஏழையின் நிலம் நன்றாக விளையும், நியாயம் கிடைக்காமல் கெட்டுப்போகிறவர்களும் உண்டு. யோபு 4:8-ல், துன்பத்தில் கிடந்த யோபிடம் அவன் நண்பன் எலிப்பாசும் "நான் கண்டிருக்கிறபடி" என்றுதான் ஆரம்பிக்கிறான்: தீவினையை விதைத்தவர்கள் அதையே அறுக்கிறார்கள் என்று. கண்டது பொய்யில்லை, அதை யோபின் தலையில் கட்டியதுதான் பிழை; 42:7-ல் கடவுளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

அதனால் நடைக்கும் வாசிப்புக்கும் நடுவே, அந்த ஊரில் பல வருஷம் தோட்டவேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கவிடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 சொல்கிறதே.

நீதிமொழிகளைத் தினம் ஒரு அதிகாரம் என்று 31 நாளில் முடிக்கும் பழக்கம் 9-ம் அதிகாரம் வரைக்கும் சரி. 10-லிருந்து பெரும்பாலும் தனித்தனி வசனங்கள், நாளுக்கு மூன்றுக்குமேல் வேண்டாம்.

மழையும் மூடுபனியுமாக இருந்தால் வெளியே போகவேண்டியதில்லை. 7:6-ல் பார்த்தவர் ஜன்னலருகே நின்றுதான் பார்த்தார்.