வீட்டுக்கு இத்தனை யூனிட்தான் என்று அளவு வைத்தால்?

போன மாதம் தருமபுரியில் எங்கள் தெருக் கூட்டத்தில், "அரிசி, சர்க்கரைக்கு இருக்கிற மாதிரி வீட்டுக் கரண்டுக்கும் ஓர் அளவு வைக்கலாம், அப்போதுதான் மிச்சம் பிடிப்போம்" என்று சொன்னேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அன்றிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஐயா, 2012-ல் பட்டது போதாதா? பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். மறுபடியும் அளவு, கட்டுப்பாடு என்கிறீர்களே? (அரூர்)

உங்கள் கோபம் நியாயமானது. அப்போது சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான் வெட்டு, நமக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஆனால் அது பங்கீடு இல்லை. ஒரு பல்பு எரிக்கும் வீட்டுக்கும் மூன்று ஏசி ஓட்டும் வீட்டுக்கும் ஒரே இருட்டுதான் கிடைத்தது. சிக்கனமாக இருந்தவருக்குப் பலன் எதுவும் இல்லை. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். கரண்ட் வந்ததும் எல்லா பேட்டரியும் ஒன்றாகச் சார்ஜ் ஏறியது, அதில் ஏறக்குறைய கால் பங்கு சூடாகவே வீணானது. ஆகச் செலவு கூடத்தான் செய்தது. நான் கேட்பது, உங்கள் பங்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, எந்த நேரத்தில் எதற்குச் செலவு செய்வது என்பதை உங்களிடமே விடும் முறை.

எங்காவது இப்படிச் செய்து நடந்திருக்கிறதா சார்? (ஓசூர்)

நடந்திருக்கிறது தம்பி. 2001-ல் பிரேசிலில் மழை பொய்த்தது. அவர்களுடைய மின்சாரத்தில் பெரும்பகுதி அணைகளிலிருந்து வருவது, நீர்மட்டம் இறங்கிவிட்டது. ஊர் ஊராக வெட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கு கொடுத்தார்கள்: முந்தைய ஆண்டு மே முதல் ஜூலை வரை எரித்த சராசரியில் 20 சதவீதம் குறைக்க வேண்டும். மாதம் 100 யூனிட்டுக்குள் எரிக்கும் ஏழை வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இலக்குக்குக் கீழே போனவர்களுக்கு ஊக்கத்தொகை, மீறினால் கூடுதல் கட்டணம், தொடர்ந்து மீறினால் இணைப்பைத் துண்டிப்போம் என்ற எச்சரிக்கை.

2001 ஜூனில் ஆரம்பித்து 2002 பிப்ரவரியில் முடித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, நாடு இருட்டில் மூழ்கவில்லை. மக்கள் பல்பை மாற்றினார்கள், ஃப்ரீசரை அணைத்து வைத்தார்கள். திட்டம் முடிந்த பிறகும் வீடுகளின் செலவு பழைய அளவுக்கு உடனே ஏறவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அதில் ஒரு குறையும் உண்டு. முன்பே சிக்கனமாக இருந்தவரிடமும் 20 சதவீதம், ஊதாரியாக இருந்தவரிடமும் 20 சதவீதம். ஊதாரிக்குக் குறைப்பது சுலபம், மற்றவர் எங்கே போவார்?

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். கூட்டுக் குடும்பம். எவ்வளவு அடக்கியும் 500-ஐத் தாண்டிவிடுகிறது. பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது. (பாலக்கோடு)

அம்மா, நீங்கள் கேட்டதுதான் இதில் மையமான கேள்வி. நம் பில்லிலேயே ஒரு பங்கீடு ஒளிந்திருக்கிறது. 2024 ஜூலை கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும்; 501-வது யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். எட்டுப் பேர் 560 யூனிட் எரித்தால் ஆளுக்கு 70. அதற்குப் பில் 2,544 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு நாலரை ரூபாய். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் 400 எரித்தால் ஆளுக்கு 200. அவர்களுக்கு 1,175 ரூபாய், யூனிட்டுக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. ரேஷன் கடையில் அரிசி போடும்போது கார்டில் எத்தனை தலை என்று பார்க்கிறார்கள். மீட்டருக்குத் தலை எண்ணத் தெரியாது. நாளை அளவு என்று ஒன்று வைத்தால் அது தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்க வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று இருக்கவே கூடாது.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் நின்றால் 500 தாண்டாது. மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டால் கையில் இன்னும் ஐந்து வாரம் இருக்கும். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கினால் இலவச யூனிட் இரண்டு மடங்காகுமே? (காரிமங்கலம்)

வேண்டாம். தனிச் சமையல், தனி வாசல் என்று உண்மையிலேயே இரண்டு குடித்தனம் இருந்தால் சரி. ஒரே குடும்பம் அப்படிச் செய்தால் அடுத்தவர் பங்கை எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம்.

600 அடி போர். ஒன்றரை ஹெச்பி மோட்டார். தண்ணீரில் எப்படி ஐயா சிக்கனம் பண்ணுவது? (பென்னாகரம்)

நம் பக்கத்து வீடுகளில் கரண்டைத் தின்பது பாதி இடங்களில் மோட்டார்தான். உங்கள் மோட்டார் மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட்டைத் தாண்டும். மூன்று இடத்தைப் பாருங்கள். தொட்டி நிரம்பி வழிகிறதா? நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் வாட்டர் லெவல் கண்ட்ரோலர் மாட்டுங்கள். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் கீழே இறங்கும் சத்தம் கேட்கிறதா? தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் காலியான குழாயை நீங்கள் புதிதாக நிரப்புகிறீர்கள். முன்பு முக்கால் மணியில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது ஒன்றேகால் மணி ஆகிறதா? கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், அதிகச் செலவில்லை. அப்புறம், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே பிடியுங்கள். நம் போர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு இருப்பதால்தானே அந்தத் திட்டமே வந்தது.

தேன்கனிக்கோட்டைக் குளிருக்குக் கீசர் இல்லாமல் முடியாது சார்.

வைத்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். குளிக்கப் போகும்முன் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு அணைத்துவிடுங்கள். சொந்த வீடாக இருந்தால் சோலார் ஹீட்டர் போடலாம்.

சிலிண்டருக்கும் இப்படி அளவு வைத்தார்களே, என்ன ஆயிற்று? (காவேரிப்பட்டணம்)

2012 செப்டம்பரில் மானிய விலையில் வருடத்துக்கு 6 என்றார்கள். 2013-ல் 9 ஆனது, 2014-ல் 12 ஆனது. சாதாரணக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 12 தேவைப்படுவதே அபூர்வம். யாரையும் தொடாத அளவு யாரையும் சிக்கனம் பண்ண வைக்காது.

என் அம்மாவுக்கு 78 வயது. தனியாக இருக்கிறார். 100 யூனிட்டுக்குள் நிற்க வேண்டும் என்று மே மாத மதியத்திலும் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் கேட்பதில்லை. (கிருஷ்ணகிரி)

இதைப் படித்துவிட்டு எனக்கு மனசே சரியில்லை. நான் பேசிய சிக்கனம் உங்கள் அம்மாவுக்கானது இல்லவே இல்லை. வயதானவர்களின் உடம்பு வெயிலைத் தாங்காது, தாகமும் சரியாகத் தெரியாது. எந்தப் பங்கீடு வந்தாலும் முதியவர், நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதலில் விலக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே அதை எதிர்ப்பேன்.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பழைய ஃபேன் 75 வாட். பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இலவச அளவைத் தாண்டினாலும் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை ஃபேன், பிஎல்டிசி என்பார்கள், ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். அதற்கு 30 வாட்தான், நாள் முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மாட்டிய மறுநாள் அதே நேரத்தில் அம்மாவை மீட்டர் பக்கத்தில் கூட்டிப்போய் எண்ணைக் காட்டுங்கள். நம் பேச்சை நம்பாவிட்டாலும் கண்ணால் பார்த்ததை நம்புவார்.