கீழ்ப்படிதலின் இருள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஆறாவது படமான ‘ஹாஃப் பிளட் பிரின்ஸ்’ பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நாவலை விரும்பி வாசித்தவன் என்பதால் படம் எனக்குப் பெரும் ஏமாற்றத்தையே அளித்தது. வில்லன் வோல்டமோர்ட்டின் கடந்த காலத்தைச் சொல்லும் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டு, மாணவர்களின் காதல் பிணக்குகளுக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் இறுதிச்சடங்கு இல்லை. நாவலில் இல்லாத ஒரு தீவைப்புக் காட்சி நடுவில் வருகிறது. படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல மங்கிக் கிடக்கிறது. கதை இருண்டது என்பதற்காகத் திரையையே இருட்டாக்க வேண்டுமா? என் மகள் முதல் ஐந்து நாவல்களையும் வாசித்து, அவற்றின் படங்களையும் பார்த்துவிட்டாள். ஆறாவதில் அவளுக்கு முதலில் எதைக் கொடுப்பது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2005-ல் வெளியான அந்த நாவல் அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. 2009-ல் டேவிட் யேட்ஸ் இயக்கத்தில் வந்த படம் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. எவற்றையெல்லாம் விட்டார்கள் என்று பட்டியலிட்டால் அது முடிவில்லாமல் நீளும். எதை மையமாகத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தத் தேர்வுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்பதே இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு அத்தியாயங்களைத் தவிர்த்தால் நாவல் முழுவதும் ஹாரியின் பார்வையை விட்டு விலகுவதே இல்லை. சக மாணவன் டிராக்கோ மால்ஃபாய் ஏதோ சதி செய்கிறான் என்று ஹாரி சந்தேகிக்கிறான். மற்றவர்கள் நம்ப மறுக்கிறார்கள். மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படமோ நம்மை அந்த அறைக்குள்ளேயே அழைத்துச் செல்கிறது. டிராக்கோ ஓர் ஆப்பிளை, உள்ளே வைப்பதை வேறோர் இடத்துக்கு அனுப்பும் மாய அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறான். திரும்பி வரும்போது அது ஒரு கடி கடிக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு பறவையை வைக்கிறான். அது செத்துத் திரும்புகிறது. அதைப் பார்த்து அவன் அழுகிறான். இந்தக் காட்சிகளில் வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து படங்களாக வெறும் வாய்ச்சவடால்காரனாக இருந்த ஒரு பையன், டம்பிள்டோரைக் கொலை செய்யும்படி வோல்டமோர்ட்டால் ஏவப்பட்டிருப்பதையும், அதற்கான திராணி தன்னிடம் இல்லை என்பதை அவனே உணர்ந்துவிட்டதையும் இவை நமக்குக் காட்டிவிடுகின்றன. நாவலின் மர்மத்தைப் பலிகொடுத்து, அந்த இடத்தில் இரக்கத்தை வைக்கிறது படம். இந்த மாற்றத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

இதைவிடப் பெரிய மாற்றம் வானியல் கோபுரத்தில் நிகழ்கிறது. நாவலில் ஹாரி தன் மாய அங்கிக்குள் மறைந்திருக்கிறான். டம்பிள்டோர் மந்திரத்தால் அவனை அசைய முடியாதபடி உறைய வைத்துவிடுகிறார். அவனைக் காக்க எடுத்துக்கொண்ட அந்தக் கணத்தில்தான் தன் மந்திரக்கோலை இழக்கிறார். அங்கே நடப்பதைத் தடுக்க ஹாரியால் இயலாது. ஆகவே அவன்மேல் பழியும் இல்லை. படத்தில் அவனுக்கு எந்தக் கட்டும் கிடையாது. ஒளிந்திரு, என்ன நடந்தாலும் வெளியே வராதே என்ற கட்டளை மட்டுமே அவனைத் தடுக்கிறது. தளத்தின் கீழே நின்று, பலகை இடைவெளிகளின் வழியே மேலே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து பள்ளியின் ஆசிரியர் ஸ்னேப் வருகிறார். ஹாரி அவரை நோக்கிக் கோலை உயர்த்துகிறான். ஸ்னேப் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டுகிறார். ஸ்னேப்பை அழைத்துவரும்படி டம்பிள்டோர் சற்று முன்தான் சொல்லியிருந்தார் என்பதால், உதவி வந்துவிட்டது என்று நம்பி ஹாரி அடங்கி நிற்கிறான். ஸ்னேப் படியேறிச் சென்று டம்பிள்டோரைக் கொல்கிறார். கைகால்கள் கட்டப்படாத ஒருவன், நம்பிக்கையால் மட்டுமே நிறுத்தப்பட்டு, அந்தக் கொலைக்குச் சாட்சியாகிறான்.

இதற்குச் சற்று முன்பு வரும் குகைக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு கெஞ்சினாலும், வோல்டமோர்ட் அங்கே ஒளித்துவைத்த பொருளை மூடியிருக்கும் திரவத்தை எனக்குப் புகட்டியே தீரவேண்டும் என்று டம்பிள்டோர் ஹாரியிடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொள்கிறார். முதியவர் வேண்டாம் வேண்டாம் என்று கதற, அந்தப் பையன் அழுதுகொண்டே சிப்பியில் மொண்டு மொண்டு அவர் வாயில் ஊற்றுகிறான். ஒருவன் தான் நேசிக்கும் ஆசிரியரின் சொல்லுக்காகவும், இன்னொருவன் தன் குடும்பத்தின் உயிரைப் பிடித்து வைத்திருப்பவனின் சொல்லுக்காகவும், தங்கள் வயதுக்குத் தகாத காரியங்களைச் செய்கிறார்கள். இந்த இரு பையன்களின் கீழ்ப்படிதலில்தான் படத்தின் இருள் இருக்கிறது. புருனோ டெல்போனெலின் ஒளிப்பதிவு அதற்குத் துணைதான். எட்டுப் படங்களில் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது இது ஒன்றே. பள்ளியின் பழைய பொன்னொளி வற்றிப்போனதால்தான் அந்தச் சுவர்களுக்குள் இனி பாதுகாப்பில்லை என்பதை, யாரும் சொல்லாமலே நாம் உணர்கிறோம்.

தீவைப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி. அது தேவையற்ற சேர்க்கை. ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லியின் குடும்ப வீடு எரிந்துபோகிறது. ஆனால் அடுத்த படத்தில் அது திருமண விழாவுக்கு எந்த வடுவுமின்றி நிற்கிறது. இறுதிச்சடங்கு இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உடலைச் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராகக் கோலை உயர்த்த, அந்த வெளிச்சத்தில் வானத்தில் வோல்டமோர்ட்டின் ஆட்கள் பதித்த இருள்முத்திரை கலைந்துபோகும் காட்சி அந்தத் துயரைப் போதுமான அளவு தாங்கிக்கொள்கிறது.

ஆனால் வோல்டமோர்ட்டின் கடந்த காலத்தை வெட்டியதில் நேர்ந்த இழப்பு நீங்கள் குறிப்பிடுவதைவிடவும் பெரியது. அவன் வளர்ந்த அநாதை இல்லமும், அவனைப் பற்றி ஆசிரியர் ஸ்லக்ஹார்னிடம் இருந்த நினைவும் மட்டுமே படத்தில் எஞ்சியிருக்கின்றன. அவன் தாய் மெரோப்பி காண்ட் அடியோடு இல்லை. அவள் வசிய பானம் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒரு செல்வந்த இளைஞனைத் தன்னவனாக்கிக்கொண்டாள் என்றும், அதை நிறுத்தியதும் அவன் கர்ப்பிணியான அவளைக் கைவிட்டுப் போனான் என்றும் நாவலில் டம்பிள்டோர் ஊகிக்கிறார். அதே நாவலில்தான் ரான் தவறுதலாக வசிய மருந்து கலந்த இனிப்பைத் தின்று உளறுகிறான். வகுப்பில் ஸ்லக்ஹார்ன், அங்கிருக்கும் மருந்துகளிலேயே மிக அபாயகரமானது அந்த வசிய பானம்தான் என்று எச்சரிக்கிறார். மெரோப்பியின் கதை பக்கத்தில் இருப்பதால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் அச்சம் ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் சிரிப்பை வைத்துக்கொண்டு அச்சத்தை நீக்கிவிட்டது. காதல் பகுதிகள் உங்களுக்குக் கனமற்றுத் தோன்றியதற்கு அவற்றின் நீளத்தைவிட இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பின்விளைவும் உண்டு. பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரான ஹஃபிள்பஃப்பின் கிண்ணம் எப்படி வோல்டமோர்ட்டின் கைக்கு வந்தது, தன் ஆன்மாவைப் பிளந்து ஒளித்துவைக்க அவன் எத்தகைய பொருட்களைத் தேடினான் என்பதெல்லாம் அந்த நினைவுகளில்தான் இருந்தன. அவை இல்லாததால் கடைசிப் படத்தில், அந்த ஆன்மாத் துண்டுகள் ஒளிந்திருக்கும் ஹார்க்ரக்ஸ்களின் அருகாமையைக் காதால் கேட்டு உணர்பவனாக ஹாரி மாற வேண்டியிருந்தது. சிந்தித்துக் கண்டடைய வேண்டியவை அவன் செவியில் தாமாகவே வந்து விழுகின்றன.

உங்கள் மகளுக்கு முதலில் நாவலைக் கொடுங்கள். டிராக்கோவின் ரகசியத்தைப் படம் ஆரம்பத்திலேயே அவிழ்த்துவிடுவதால், அதைப் பார்த்தபின் வாசிப்பவருக்கு ஹாரியின் சந்தேகத்தில் கூடவே தவிக்கும் அனுபவம் கிடைக்காது. நாவலை முடித்துவிட்டுப் படத்துக்கு வந்தால், ஹாரிக்குத் தெரியாமல் அந்த அறைக்குள் டிராக்கோ எப்படி அழுதுகொண்டிருந்தான் என்பதை அவள் புதிதாகக் காண்பாள். குகைக் காட்சியில் நீருக்குள்ளிருந்து எழும் பிணங்கள் உண்மையாகவே அச்சுறுத்துபவை. அப்போது நீங்களும் அவளுடன் அமர்ந்து பாருங்கள்.

அன்புடன்.