ஒரு துண்டு அப்பம் எப்படி விருந்தாகும்?

"ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம். இதைப் போய் ஏன் கிறிஸ்தவர்கள் திருவிருந்து என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மியான்மரின் யாங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழ் பாப்டிஸ்ட், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு சீடர்களோடு உட்கார்ந்தது முழுச் சாப்பாட்டுக்கு. அங்கேதான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்றார். அதன்பின் சபைகளிலும் சாப்பாடும் நினைவுகூருதலும் ஒன்றாகவே நடந்தன.

கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையில்தான் சிக்கல் வந்தது. அந்தச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார்: "அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து தின்று குடித்துவிட, வேலை முடித்து வந்த ஏழைகளுக்கு மிச்சம் இல்லை என்றே பலரும் இதை விளக்குகிறார்கள். பந்திக்கு முந்து என்பது நம் பழமொழி. பவுல் சொன்னதோ நேர் எதிர்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." என்னைக் கேட்டால் திருவிருந்தின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

பிற்பாடு சாப்பாடு தனியாகவும் அப்பமும் ரசமும் தனியாகவும் பிரிந்தன. அப்போதும் வராதவர்களை மறக்கவில்லை. கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியதில், வர முடியாதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. நம் தமிழ்ச் சபைகளின் கதை அவ்வளவு அழகானதல்ல. தனித்தனி இடம், உயர்சாதிக்கு முதல் முறை என்றெல்லாம் நடந்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உறுதியாகச் சொன்னபோது, பலர் சபையைவிட்டே போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

அப்பமும் ரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது கத்தோலிக்கர் விசுவாசம். நாங்கள் நினைவுகூருதல் என்கிறோம். அது தனிப் பெரிய பேச்சு.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சனிக்கிழமை இரவே அம்மா உலர்திராட்சையைக் கழுவி ஊறப்போடுவார். காலையில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவார். ஆராதனையில் தட்டு வரிசை வரிசையாக வரும். எடுத்ததும் வாயில் போடக் கூடாது. கடைசி ஆள் கைக்கு வரும்வரை எல்லாரும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். யாங்கோன் வெக்கையில் உள்ளங்கை வேர்த்து, ரொட்டித் துண்டு மெல்ல ஈரமாகும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். ஒரு முதல் ஞாயிறு, இரவு ஷிஃப்ட் முடிந்து வர நேரமாகிவிட்டது. கரண்டும் இல்லை, மின்விசிறி நின்றுவிட்டது. தட்டு எல்லாருக்கும் போய் முடிந்திருந்தது. சயா, அதாவது எங்கள் போதகர், மேசையருகே நின்றபடி, "அண்ணன் வரட்டும்" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லார் கையிலும் அப்பம் அப்படியே இருந்தது.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அழுக்குச் சட்டையோடு கூச்சப்பட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மூப்பர் தட்டை அவர் முன்னால் குனிந்து நீட்டினார். அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். அப்புறம்தான் சயா, "எல்லாரும் புசிப்போம்" என்றார்.