38 வயதில் எல்லாம் மறந்துபோகிறது, இது மறதி நோயா?

அடுப்பில் பால் வைத்தது மறக்கிறது, பேசும்போதே பேச்சு நழுவுகிறது, வல்லாரை சாப்பிட்டும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் 10 மாதம் மறைத்தவள்தான்.

19 வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். அளவு நோட்டில் மார்பு 36, கை நீளம் 10 என்று இருக்கும். படித்துவிட்டுத் துணியில் சாக்பீஸ் வைப்பதற்குள் எண் போய்விடும். மறுபடி பார்ப்பேன், மறுபடி போய்விடும். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே கைக்கு வெட்டிவிட்டேன். பட்டில் நல்ல பக்கம், உள்பக்கம் உண்டு; திருப்பிப் போட்டுத் தைக்க முடியாது. சேலையோடு வந்த துணி, மீதியும் இல்லை. எனக்கு மூளை போய்விட்டது என்றே அன்று ராத்திரி முடிவு செய்தேன்.

மருத்துவர் முதலில் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். அவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான், "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார். மூன்று மணி என்றேன். எப்போதிலிருந்து என்றதும் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா போனதிலிருந்து.

மனச்சோர்வு என்றார். "நீங்க மறக்கலம்மா, மனசுல பதியவே இல்லை." சரிதான். நோட்டைப் பார்க்கும்போதும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாத்திரை வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் ஆனது. நோட்டை ஒரே தடவை பார்த்துவிட்டு ஒரு பிளவுஸ் முழுவதையும் வெட்டியிருக்கிறேன் என்பதை, ஒருநாள் துணியை மடிக்கும்போதுதான் கவனித்தேன்.

எல்லா மறதியும் மனச்சோர்வு என்று நான் சொல்லவில்லை. தையல்காரிக்கு மருத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும், எனக்கு நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய் என்று பயமுறுத்தினார்களே, மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

எனக்கு ஆறாதது வேறு ஒன்று. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இந்த மாத்திரையை மறைக்காமல் எழுதினேன், நிராகரித்துவிட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதே நிறுவனம் பாலிசி கொடுத்தது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையிலோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. உண்மையை எழுதியது என் தப்பா?

சரி, உங்கள் விஷயம். தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எப்போது விழிப்பு வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.