பேரல் டீசல் ஊற்றினால் மட்டும் டிராக்டர் திணறுகிறதா?

இன்ஜினுக்கு டீசல் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றாதீர்கள் அண்ணா, பேரலில் தண்ணீர் இறங்கியிருக்கும். பங்க்கில் அடித்தால் ஓடுகிறது, வீட்டு 200 லிட்டர் பேரலில் ஊற்றினால் நிற்கிறது என்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் இப்போது மழை. வெளியே நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் தண்ணீர் தேங்கும். ராத்திரி டீசல் குளிர்ந்து சுருங்கும்போது, வாசர் தேய்ந்த மூடி வழியாக அதை உள்ளே இழுத்துவிடும்.

1. ஒரு நாள் அசைக்காமல் விட்டு, அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும்.
2. நின்றால் அடி டீசலை ஒதுக்கி, டிராக்டர் ஃபில்டரையும் வடித்து, டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுங்கள்.
3. கைப்பம்பு குழாய் அடியைத் தொடாமல் நாலு விரல் மேலே இருக்கட்டும். பேரல் கூரைக்குள் போகட்டும்.

தண்ணீர் பிரியாவிட்டால் காரணம் வேறு. ஃபில்டர் அடைப்பைப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் டீசலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.