கெதெரிலிருந்து மல்குத் வரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' பாடலில் கெதெரிலிருந்து மல்குத்துக்குப் போவதாக ஒரு வரி வருகிறது. தேடிப் பார்த்தேன். கெதெர் என்றால் கிரீடம், மல்குத் என்றால் ராஜ்ஜியம். ஆனாலும் வரி பிடிபடவில்லை. பாட்டு முழுக்க மாந்திரீகச் சடங்கு என்கிறார் ஒருவர், போதை உளறல் என்கிறார் இன்னொருவர். எப்படி முடிவு செய்வது? டூல் என்ற ராக் குழுவின் 'லேட்டரலஸ்' பாடலில் வரும் நிறங்கள் ரசவாதப் படிநிலைகள்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொற்களின் பொருளைப் பிடித்துவிட்டீர்கள். அவை நிற்கும் இடத்தையும் பாருங்கள். யூத மறைஞான மரபான கபாலாவின் வாழ்வு மரம் என்ற வரைபடத்தில் பத்து செஃபிராக்கள், அதாவது இறை வெளிப்பாட்டின் பத்து நிலைகள். உச்சியில் முதலாவது கெதெர். அடியில் பத்தாவது மல்குத், நாம் வாழும் பருவுலகம். சாதகர்கள் கீழிருந்து மேலே ஏறப் பாடுபடுவார்கள். போவியின் வரியோ மேலிருந்து கீழே, அதுவும் ஒரே அசைவில் வருகிறது. உயரே இருந்த ஒன்று உடலும் மண்ணுமாக இறங்கும் பாதை அது. அகராதியில் இந்தத் திசை கிடைக்காது. மரத்தைத் தாளில் வரைந்து, வரியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள்.

எழுதியவருக்கு இதெல்லாம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. இந்தப் பாடல் 1976இல் வந்தது. 1971இலேயே 'குயிக்சாண்ட்' பாடலில் கோல்டன் டான் என்ற ஆங்கில மாந்திரீகச் சங்கத்தையும், அதில் இருந்த மாந்திரீகர் அலெய்ஸ்டர் க்ரௌலியையும் பெயர் சொல்லிப் பாடியவர் போவி. அந்தச் சங்கத்தின் போதனைக்கு அடித்தளமே இந்த மரம்தான். இவ்வளவும் உறுதியான பிறகே, 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' பாடலில் வரும் 'ஒயிட் ஸ்டெயின்ஸ்' என்ற சொற்களை அதே தலைப்பில் 1898இல் வெளிவந்த க்ரௌலியின் கவிதை நூலோடு சேர்க்கலாம். தனியே பார்த்தால் அது வெறும் வெள்ளைக் கறை. மெலிந்த குறிப்பிலிருந்து தொடங்கினால் எந்தப் பாட்டிலும் எதையும் கண்டுபிடித்துவிடலாம்.

போவி அந்நாளில் கொக்கெய்னில் மூழ்கியிருந்தது உண்மை. பாடலிலேயே அதன் பெயர் வருகிறது. ஆனால் மரத்தின் இரு முனைகளையும் பிசகாமல் சொல்கிற வரியை உளறல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

'லேட்டரலஸ்' இன்னும் நுட்பமானது. ரசவாதத்தில் கருமை, வெண்மை, மஞ்சள், செம்மை என்பது பழைய வரிசை. பாடலில் சிவப்பு முந்திக்கொள்கிறது, மஞ்சள் பின்னால் வருகிறது. அசைக் கணக்கு காரணமாக இருக்குமோ? பாடகர் மூச்சு விடும் இடங்களில் வெட்டி ஆங்கில அசைகளை எண்ணுங்கள்: 1, 1, 2, 3, 5, 8, பிறகு 5, 3. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி எண்கள், ஏறிப் பிறகு இறங்குகின்றன. (அச்சிட்ட வரிப் பிரிப்பை நம்பி எண்ணினால் கணக்கு தவறும்.) அந்த எட்டசை அடியில் சிவப்பையும் மஞ்சளையும் இடம் மாற்றிப் போட்டாலும் எட்டு அசைதான் வருகிறது. கணக்கு கட்டாயப்படுத்தாதபோதும் வரிசை மாறியிருக்கிறது என்றால், படிநிலை என்ற வாசிப்பை நான் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்துவேன்.

அதே பாடலில் 'கீழே எப்படியோ அப்படியே மேலேயும்' என்று வருவது மட்டும் சந்தேகமில்லாமல் மரகதப் பலகை என்ற பழைய ரசவாத நூலின் வாசகம். அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். பரவலாக அறியப்பட்ட லத்தீன் வடிவமே கீழிருந்துதான் தொடங்குகிறது.

காதில் விழுவதெல்லாம் திட்டமிட்ட குறிப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்' முடிவில் கேட்கும் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடக மரண வசனத்தை, பால் மெக்கார்ட்னி செத்துவிட்டார் என்ற வதந்திக்குச் சான்றாகக் காட்டினார்கள். 1967 செப்டம்பரில் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்தபோது பிபிசி வானொலியில் ஓடிய நாடகம் அது. மோனோ (ஒற்றைத் தட) கலவையில் நேரடியாகச் சேர்ந்துவிட்டதால் பிரித்தெடுக்க முடியவில்லை; ஸ்டீரியோ பதிப்பின் பிற்பகுதிக்கும் அந்த மோனோவையே எடுத்துக்கொண்டார்கள். பழைய ஸ்டீரியோ பதிப்பை ஹெட்போனில் கேளுங்கள்: பாட்டின் பிற்பகுதியில் ஒலியின் விரிவு சட்டென்று மாறுவது தெரியும்.